டிஸ்க் போடுகிற பெட்டியையே வாங்குங்கள், அண்ணே

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். நல்ல மார்க் எடுத்தால் கேம் வாங்கித் தருகிறேன் என்று பரீட்சைக்கு முன்னால் இவர் சொல்லித் தொலைத்திருக்கிறார், அவன் எடுத்தும் விட்டான். கையில் அறுபதாயிரம் வரை தேறும். பிஎஸ்5 (டிவியில் மாட்டி ஆடுகிற சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) வாங்கவா, கம்ப்யூட்டர் கட்டவா, நல்ல போன் ஒன்றை வாங்கிக் கொடுத்து முடித்துவிடவா? பிஎஸ்5 என்றால் டிஸ்க் போடுகிறதா, டிஸ்க் இல்லாமல் டவுன்லோடு செய்து மட்டும் ஆடுகிற டிஜிட்டலா? பையன் "டிஸ்க்கெல்லாம் இப்ப யாருப்பா வாங்குறா" என்கிறானாம். கொசுறாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "அந்தக் காலத்து கேம்தான் கேம், இப்ப வர்றதெல்லாம் காசு புடுங்குற வேலைன்னு எங்க மச்சான் சொல்றாரு, நெசமா?"

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருபத்தைந்து வருசமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நடுவில் பிரவுசிங் சென்டரும் நடத்தினேன். ஸ்குரூ கழற்றித் திறக்க முடிகிற எதன் மேலும் எனக்கு ஒரு பாசம் உண்டு, திறக்க முடியாததன் மேல் சந்தேகம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சுருக்கமான பதில்: பையன் இன்ஜினியரிங் பக்கமோ டிசைன் பக்கமோ போகிறான் என்றால் கம்ப்யூட்டர். இல்லையென்றால் டிஸ்க் போடுகிற பிஎஸ்5. டிஜிட்டல் பெட்டி வேண்டாம். கேமுக்கென்று போன் வாங்கவே வேண்டாம். காரணத்தைச் சொல்ல உங்கள் மச்சான் விட்ட இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மச்சான் சொல்கிற அந்தக் காலம் அநேகமாக லிட்டில் மாஸ்டர், மீடியா டிவி கேம் காலமாக இருக்கும். ஜப்பானில் 1983-ல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள்தான் அவை. நமக்கு வந்து சேர இன்னும் பல வருசம் ஆனது. கேசட்டில் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். உள்ளே நிஜமாக இருப்பது கொஞ்சம் கேம்தான். அதையே மூன்றாவது ஸ்டேஜிலிருந்து ஆரம்பித்தால் ஒரு நம்பர், வேறு கலரில் ஓடினால் ஒரு நம்பர் என்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆக்கியிருப்பார்கள். கேசட்டைப் பிளந்து பார்த்தால் பச்சை போர்டில் கருப்பாக ஒரு சொட்டு, தார் ஒழுகி உறைந்த மாதிரி. அந்தச் சொட்டுக்கு அடியில்தான் சிப். ஓடவில்லையென்றால் எல்லோரும் வாயால் ஊதுவோம். ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மறுபடி செருகியதால் ஓடியது. ஊதிய எச்சில் அந்தச் செம்புப் பற்களை அரித்ததுதான் மிச்சம். இன்றைக்கும் கடைக்கு வருகிற பழைய கேசட்டுகளில் பச்சைக் களிம்பை அழிரப்பரால் தேய்த்துத்தான் எடுக்கிறேன்.

அந்த கேம்களில் முக்கால்வாசி குப்பை, அண்ணே. மச்சானுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. பாதிக்கு மேல் முடிக்கவே முடியாத கஷ்டம். கான்ட்ராவில் மூன்று உயிரை முப்பதாக்க "மேல மேல, கீழ கீழ, இடது வலது இடது வலது, பி, ஏ" என்று அமுக்குவோமே, அந்த வித்தை முதலில் 1986-ல் கிராடியஸ் என்ற கேமில் வந்தது. அதை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கே அந்த கேமைச் சோதித்துப் பார்த்து முடிக்க முடியவில்லை. தனக்கென்று ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். செய்தவனாலேயே ஆட முடியாததைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் மச்சான் சொல்லாமல் சொல்கிற ஒரு விசயம் அதில் உண்டு.

போன வருசம் ஒருத்தர் மகளோடு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, அதில் மீடியா பெட்டியும் துப்பாக்கியும். "வாத்து சுடுற கேம் ஓடுது, ஆனா துப்பாக்கி சுட மாட்டேங்குது. வயர் எங்கயோ கட்டாயிருக்கும், பாருங்க." வயரில் ஒன்றுமில்லை. அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்க மட்டும் செய்கிறது. குழாய்க்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தை உணர்கிற ஒரு சின்ன டயோடு. விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கருப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று டயோடு பார்த்தால் வாத்து செத்தது. டியூப்லைட்டைக் குறிபார்த்து ஏமாற்ற முடியாது, ஏனென்றால் டியூப்லைட் நடுவில் கருப்பாகாது. பழைய பெட்டி டிவியில் படம் வரி வரியாக அந்தக் கணமே எரியும், கணக்கு சரியாக வரும். எல்இடி டிவி வருகிற படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அதன் பிறகுதான் காட்டும். அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. துப்பாக்கிக்குத் தெரியும்.

கடையில் மூலையில் கிடந்த பதினான்கு இஞ்ச் பெட்டி டிவியைத் தூசி தட்டி மாட்டினேன். முதல் வாத்து விழுந்தது. அந்தப் பிள்ளை துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வைஃபை வேணாமா மாமா?" என்றது.

வேணாம். மச்சானுக்குப் பிடித்தது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த கேம் நல்லதோ மட்டமோ, சுவிட்சைப் போட்டால் ஓடியது. ஊருக்கு வெளியே எவனிடமும் அது அனுமதி கேட்கவில்லை.

பிரவுசிங் சென்டர் காலமும் கிட்டத்தட்ட அப்படித்தான். எட்டு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி, எட்டு நீல வயர். இன்டர்நெட் செத்துக் கிடந்தாலும் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஓடும், ஏனென்றால் ஆட்டத்தை நடத்துகிற சர்வரே என் மேசைக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டர்தான். கரண்ட் மட்டும்தான் எமன். 2012-ல் நாள் பூராவும் போய்ப் போய் வரும்போது, யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் பையன்கள் "அண்ணே, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று அலறுவது இன்னும் காதில் இருக்கிறது. 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்தது. அடுத்த வருசமே நான் சென்டரை மூடினேன். அதில் வருத்தமில்லை. ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவன் நான், ஒரு ஜிபி அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் எவன் என்னிடம் வருவான்?

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் டிஜிட்டல் பெட்டி வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

2019 ஏப்ரலில் நம்ம மதுரைக் கிளை உயர்நீதிமன்றம்தான் டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை போட்டது. கொஞ்ச நாளில் ஆப் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, அந்த மாசம் 24-ம் தேதி தடை விலகியதும் திரும்ப வந்தது. அடுத்த வருசம் ஜூன் 29-ல் மத்திய அரசு 59 ஆப்களில் ஒன்றாக அதைத் தடை செய்தது, அது போனது போனதுதான். செப்டம்பர் 2-ம் தேதி 118 ஆப் பட்டியலில் பப்ஜி மொபைல். அக்டோபர் 30-ல் சர்வரையே நிறுத்தினார்கள். அன்றைக்கு என் கடைக்கு நாலு பையன்கள் வந்தார்கள். துப்பாக்கிக்குக் கலர், சட்டை, தொப்பி என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தவர்கள். "அண்ணே, பேக்கப் எடுத்துத் தர முடியுமா?" எதை எடுப்பது? அவர்கள் போனில் இருந்தது வெறும் ஜன்னல், வீடு வேறு எங்கேயோ இருந்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்து பழைய கணக்கை மாற்றிக்கொள்ள விட்டார்கள். அடுத்த ஜூலையில் அதுவும் கடையிலிருந்து மறைந்து 2023 மே மாசம்தான் திரும்பியது. தடை சரியா தப்பா என்பது வேறு பேச்சு. காசு கொடுத்தவனைக் கேட்காமல் வரும், போகும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

தடை போட அரசாங்கம்கூடத் தேவையில்லை. 2014-ல் வந்த தி க்ரூ என்ற கார் கேமை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் அணைத்துவிட்டது. தனியாக ஆடவும் அது சர்வரைத் தேடும் என்பதால் டிஸ்க் வைத்திருந்தவனுக்கும் ஒன்றும் ஓடவில்லை. கான்கார்ட் என்று சோனி ஒரு கேம் விட்டது: 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து செப்டம்பர் 6-ல் போய்விட்டது. ஒரு பக்கத்து வீட்டுக் கல்யாண வேலை முடியுமுன்னே கதை முடிந்தது. நல்லவேளை, காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கு இதில் ரொம்ப உறுத்தியது ஜிடிஏ 4. 2008-ல் வந்த கேம். அதில் கார் ஏறினால் ரேடியோ பாடும், அந்த ரேடியோவுக்காகவே ஊரைச் சுற்றுகிறவர்கள் உண்டு. பாட்டுக்கு வாங்கிய உரிமை பத்து வருசம். 2018 ஏப்ரலில் அப்டேட் என்ற பெயரில் உள்ளே நுழைந்து பல பாட்டை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவன் கம்ப்யூட்டரிலிருந்து! கேசட் கடைக்காரன் பத்து வருசம் கழித்து ராத்திரி நம் வீட்டுக்குள் புகுந்து, கேசட்டில் நாலு பாட்டை மட்டும் அழித்துவிட்டுப் போனான் என்றால் என்ன செய்வோம்? பழைய டிஸ்க்கைப் போட்டு, நெட்டைப் பிடுங்கிவிட்டு ஆடுகிறவனுக்கு இன்றைக்கும் எல்லாப் பாட்டும் கேட்கிறது.

இனி பெட்டிக்கு வருவோம். பிஎஸ்5 நம் நாட்டுக்கு 2021 பிப்ரவரி 2-ல் வந்தபோது டிஸ்க் பெட்டி 49,990, டிஜிட்டல் 39,990. பிறகு விலை ஏறியது. பண்டிகை நேரத்தில் இறங்கும், காத்திருந்து வாங்குங்கள். டிஜிட்டலில் மிச்சமாகிற காசைப் பார்த்துத்தான் பையன் பேசுகிறான், அவன் கணக்கு பெட்டி வாங்குகிற நாளோடு நின்றுவிடுகிறது. புது கேம் ஒன்று ஐயாயிரத்தை ஒட்டி வரும். டிஜிட்டல் பெட்டிக்கு ஒரே கடை, அது சோனி கடை, அவன் வைத்ததுதான் விலை. டிஸ்க் என்றால் ஆடி முடித்துவிட்டு விற்கலாம், பாதி விலைக்கு வாங்கலாம், சிநேகிதனிடம் மாற்றிக்கொள்ளலாம். என் கடைக்கு வருகிற ஆறு பையன்கள் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு டிஸ்க் வாங்கி ஆறு பேரும் ஆறு கேம் ஆடுகிறார்கள். சீட்டுப் பிடிக்கிற மாதிரித்தான், ஓடிப்போகிறவன் மட்டும் கிடையாது. மூன்று, நாலு டிஸ்க்கிலேயே விலை வித்தியாசம் கழிந்துவிடும்.

"ஸ்லிம் மாடலுக்குப் பிறகு டிஜிட்டல் பெட்டிக்கும் டிஸ்க் டிரைவ் தனியா வாங்கி மாட்டிக்கலாமே" என்பான் பையன். மாட்டலாம். ஆனால் மாட்டிய முதல் தடவை அந்த டிரைவ் நெட்டுக்குப் போய் இந்தப் பெட்டியோடு பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு டிரைவ்கூட அனுமதி கேட்டுத்தான் சுற்றுகிறது, பாருங்கள்.

டிஸ்க் வாங்கினால் எல்லாம் சுபம் என்றும் சொல்ல மாட்டேன். சில டிஸ்க்கில் பாதி கேம்தான் இருக்கும், மீதி டவுன்லோடு. 2025-ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு விற்கிற சில கார்டுகளில் கேமே கிடையாது, டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும்தான். அட்டைப் பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இன்டர்நெட் கட்டாயம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் தேதி பார்க்கிற மாதிரி, ஒரு நிமிச வேலை.

கம்ப்யூட்டர் என்றால் கதை கொஞ்சம் வேறு. கம்ப்யூட்டர் கேமுக்கு டிஸ்க் செத்து வருசக்கணக்காகிறது. ஸ்டீம் என்கிற ஆன்லைன் கடையில் வாங்கும்போது, நீங்கள் வாங்குவது உரிமம் மட்டும்தான் என்று 2024 அக்டோபரிலிருந்து அவர்களே பில் போடுகிற இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சம் நேர்மை. ஜிஓஜி என்று இன்னொரு கடை இருக்கிறது, அங்கே வாங்கினால் முழு கேமின் இன்ஸ்டாலரையும் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்காமல் எப்போதும் போடலாம். பழைய கேம்கள் அங்கே நிறைய, தள்ளுபடியில் ஒரு பிரியாணி விலைக்குள் வரும்.

அறுபதாயிரத்துக்குக் கம்ப்யூட்டர் கட்டுவது இப்போது முன்னைப் போல் சுலபமில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகிறார்கள், நமக்கு ரேம் விலை எகிறுகிறது. 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு விற்கிற க்ரூஷியல் ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அதனால் ஒரே மூச்சில் கட்டாதீர்கள். நல்ல போர்டு, நல்ல பவர் சப்ளை, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ஒரு ரைசன் பிராசஸர் சிப் என்று ஆரம்பித்து, கிராபிக்ஸ் கார்டை அடுத்த வருசம் போடலாம். பவர் சப்ளையில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். எங்கள் கடையில் கருகி வருகிற போர்டுகளில் பாதிக்கு, எழுநூறு ரூபாய் பெட்டியில் ஐநூறு வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றதுதான் காரணம். அதை நான் ஒரு தடவை ஒரு மொத்தக் கடையில் நம்பி வாங்கி, மூன்று வாடிக்கையாளருக்கு என் கைக்காசைப் போட்டு மாற்றிக் கொடுத்தேன். எடையைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் கிராபிக்ஸ் இல்லை. இப்போதைய போன்கள் பிரமாதமாகத்தான் ஓட்டுகின்றன, கால் மணி நேரம். அதற்குப் பிறகு நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் தோசைக்கல்லாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுகூடப் போகட்டும். போனில் இலவசமாக வருகிற கேமில் விற்கிற சரக்கே வேறு. ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பொறுமையின்மையை விலைக்கு விற்கிறான். ஆறு மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் எண்பது ரூபாய் கொடு. மச்சான் சொல்கிற காசு புடுங்குற வேலை இங்கே நூற்றுக்கு நூறு சரி.

ஆன்லைன் ரம்மி வகையறாவை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது கேமே இல்லை. 2020 நவம்பரில் நம்ம மதுரைக் கிளையில்தான், அந்த விளம்பரத்தில் நடித்த பிரபலங்களுக்கு நோட்டீஸ் போனது. தமிழ்நாடு சட்டம் போட்டது, கோர்ட்டில் அடிபட்டது, மறுபடி போட்டது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. சூதாட்டம் நம்ம மண்ணுக்குப் புதுசில்லை, கீழடியில் தந்தப் பகடையே கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பகடை ராத்திரி இரண்டு மணிக்கு மெசேஜ் போட்டு, "உங்களுக்கு போனஸ் காத்திருக்கு" என்று எழுப்பியிருக்காது. எங்கள் தெருவில் ஒருத்தர் சம்பளம் விழுந்த அன்றே தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சொல்ல முடியாமல் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

பிஎஸ்5-லும் காசு போகிற ஓட்டைகள் உண்டு. வாங்கிய அன்றே உங்கள் பெயரில் பெரியவர் கணக்கு, அதற்குக் கீழே பையனுக்கு ஒன்று என்று போடுங்கள். மாசத்துக்கு இவ்வளவுதான் செலவு என்று வரம்பு வைக்கலாம், ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்றும் வைக்கலாம். பதினெட்டு ஆகும்வரைதான் அது செல்லும், அதற்குப் பிறகு உங்கள் பாடு அவன் பாடு. கார்டு நம்பரை மட்டும் அதில் சேமிக்காதீர்கள்.

ஆன்லைனில் ஆடவே கூடாது என்கிறேனா? இல்லை. சிநேகிதர்களோடு ஆடுகிற சுகம் அதில்தான். பெட்டியை வைஃபையில் விடாமல் வயரில் மாட்டுங்கள், அது போதும். நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்கான சர்வர் பெரும்பாலும் மும்பையில் இருக்கும். மதுரையிலிருந்து காக்கா பறக்கிற வழியில் சுமார் 1,150 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு செகண்டுக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்றால், போய்வர ஆகிற தாமதம் 11 அல்லது 12 மில்லி செகண்ட். அதற்குக் கீழே எந்தக் கம்பெனியாலும் தர முடியாது, விளம்பரத்தில் என்ன சொன்னாலும் சரி. நிஜத்தில் வழி சுற்றி அதைப்போல மூன்று நாலு மடங்கு ஆகும். அதுவே தாராளம். பையன் "லேக் அடிக்குது, பெரிய பிளான் போடுப்பா" என்றால், பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி உங்கள் வீட்டு நடுச்சுவரும் பக்கத்து வீட்டு வைஃபையும்தான். முந்நூறு ரூபாய் வயர் தீர்த்துவிடும். டிவியில் கேம் மோடு என்று ஒன்று இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். வாத்துத் துப்பாக்கியைக் கெடுத்த அதே மெருகேற்றுகிற வேலையைத்தான் அது நிறுத்துகிறது. அந்த மெருகு சினிமாவுக்கும் வேண்டாம் என்பது என் கட்சி. நல்ல படத்தையும் சீரியல் மாதிரி வழவழவென்று ஆக்கிவிடும்.

நெட்டை நம்பினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமென்றால் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு கோரிப்பாளையம் பக்கம் போன் எடுத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் கூட்டம், நாலு கோடு சிக்னல் காட்டும், ஒரு மெசேஜ் போகாது. போன சித்திரையில் நன்னாரி சர்பத் குடித்துவிட்டு ஸ்கேன் செய்தேன், சுற்றிக்கொண்டே நின்றது. கடைக்காரப் பெரியம்மா என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாமி போனதுக்கப்புறம் வந்து குடு, போ" என்றார். எல்லா சர்வரும் அந்தம்மா மாதிரி இருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

பராமரிப்பு பற்றிக் கொஞ்சம். கன்ட்ரோலர்தான் முதலில் போகும். கையை எடுத்தும் ஆள் தானாக ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கிறான் என்று கொண்டு வருவார்கள். ஜாய்ஸ்டிக்குக்கு அடியில், பழைய ரேடியோவில் சவுண்டு திருகுகிற வால்யூம் கன்ட்ரோல் இருக்குமே, அதன் குட்டித் தம்பிகள் இரண்டு இருக்கும். கரி பூசிய ஒரு தடம், அதன் மேல் உரசுகிற ஒரு சின்ன விரல். ஆட ஆட அந்தக் கரி தேயும், தேய்ந்த பொடி நடுவில் சேரும். ஸ்பிரே அடித்தால் ஒரு மாசம் தாங்கும், அதைச் செய்துவிட்டு முந்நூறு ரூபாய் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சரியான வழி, பழைய தொகுதியின் பதினாலு கால்களிலும் ஈயத்தை உறிஞ்சிக் கழற்றிவிட்டு, காந்தத்தில் வேலை செய்கிற ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கைப் பத்தவைப்பது. அதில் உரசலே கிடையாது, தேயவும் தேயாது. இவ்வளவு விலைக்கு விற்கிற கன்ட்ரோலரில் அதை ஏன் கம்பெனியே போட்டுத் தருவதில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு வியாபாரம் நடக்கிறது.

பெட்டியை டிவி ஸ்டாண்டு பொந்துக்குள் தள்ளாதீர்கள், பின்னால் நாலு விரற்கடை காற்றுப் போக இடம் வேண்டும். ஈ.பி. பில்லுக்குப் பயப்பட வேண்டாம்: ஆடும்போது ஏறக்குறைய 200 வாட், தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாச பில்லில் 36 யூனிட். நீங்கள் ஏற்கெனவே 500 யூனிட்டுக்கு ஓரத்தில் நிற்கிற வீடு என்றால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் கணக்கே மாறும்.

இப்ப வர்றதெல்லாம் குப்பை என்று சொல்கிற மச்சானுக்கு ஒரு வேலை கொடுங்கள். வெண்பா என்று ஒரு கேம், 2023-ல் வந்தது, கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. துப்பாக்கி கிடையாது, சமையல்தான். அம்மாவிடமிருந்து வந்த பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து அங்கங்கே எழுத்து அழிந்திருக்கும், விட்டுப்போனதை நாமாக யோசித்து இட்லி வைக்க வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் கடையில் சோதித்துப் பார்க்கிறேன் என்று போட்டேன், என் வீட்டுக்காரம்மா சாப்பாடு கொண்டு வந்தவர் பின்னாலேயே நின்று, "தட்டை மாத்தி வைங்க, ஆவி எப்படி மேல ஏறும்?" என்று திட்டி, கடைசியில் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார். டிஜிட்டலில்தான் வாங்கினேன், ஒத்துக்கொள்கிறேன். சின்ன கம்பெனிகளுக்கு டிஸ்க் போடக் கட்டுபடியாகாது. அதனால்தான் சொன்னேன், டிஸ்க் போடுகிற பெட்டி இரண்டையும் ஏற்கும், டிரைவ் மாட்டாத டிஜிட்டல் பெட்டி ஒன்றைத்தான் ஏற்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டையும் கையில் கொடுத்துக் காட்டுகிறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும். மச்சான் பரணில் அந்தப் பழைய டிவி கேம் இன்னும் கிடந்தால் அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள். கிடைத்த அடாப்டரை மாட்டி மட்டும் பார்த்துவிட வேண்டாம், பிளஸ் மைனஸ் மாறினால் புகைந்துவிடும். பெட்டி டிவி இங்கே இருக்கிறது.